பதிந்த இடத்தை விட்டு நகரக் கூடாத பெட்டி

கடலின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. இராமநாதபுரத்துக் கரையிலிருந்து மன்னார் கூப்பிடு தூரம் என்பார்கள். போக வேண்டும் என்று வந்தால் மட்டும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். விமானம் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து ஒரு முழுப் பகல் பேருந்தில் குலுங்கி, விடத்தல்தீவில் இறங்கியபோது எனக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

நான் போனது சாமி கும்பிடவும் இல்லை, ஊர் சுற்றவும் இல்லை. சாட்சி சொல்லப் போனேன்.

எங்கள் மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில் நான் பல வருடம் நர்ஸாக இருந்தேன். போர்க் காலத்தில் படகேறி வந்த பிலோமினா அங்கேதான் அன்ரனைப் பெற்றாள். பிரசவம் பார்த்தது நான். போர் முடிந்த பிறகு தாயும் பிள்ளையும் ஊருக்குத் திரும்பினார்கள். கொஞ்ச காலம் கழித்து அன்ரன் கனடா போய் அடைக்கலம் கேட்டான். ஏன் போனான் என்பது அவன் கதை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருக்கிற அதிகாரிக்கு வேறொரு சந்தேகம். தமிழ்நாட்டில் பிறந்தவன், பேச்சிலும் பாதி எங்கள் ஊர் வாடை. இலங்கைக்காரன் பெயரில் வந்திருக்கும் இந்தியனாக இருந்தால்?

ஆகவே வக்கீல் சொல்லிவிட்டார். பெற்ற தாயும் பிரசவம் பார்த்த நர்ஸும் ஒரே காமிராவின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். "இவன் நம்ம நாட்டுப் பையன் இல்லைன்னு சொல்றதுக்கு நீ நாடு விட்டு நாடு போறியாக்கும்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கிற விஷயமில்லை அது. விசாரணையில் தோற்றால் அவனை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் இங்கே என்ன நடக்கும் என்று பிலோமினா தொலைபேசியில் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். நான் மறுபடி கேட்கவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு அவளுடைய தம்பி அலோசியஸ் வந்திருந்தார். கடல் தொழில் செய்கிறவர். என் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "வாங்கோ சிஸ்டர், பயணம் களைப்பே?" என்றார். முகாமில் நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் சத்தமாகச் சொன்னது வினையாகிவிட்டது. தேநீர்க் கடையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கன்னியாஸ்திரி என்று நினைத்து எழுந்து நின்று, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று கும்பிட்டார். பிறகு என் நெற்றியைப் பார்த்து, "பொட்டு வைச்ச சிஸ்டரோ?" என்று அலோசியஸிடம் காதோடு கேட்டார். எனக்கும் கேட்டது.

பிலோமினா வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். வலது கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். இடது கை வழக்கம்போல முந்தானைக்குள். அவளுக்கு அந்தக் கையில் சுண்டு விரலுக்கு வெளியே இன்னொரு குட்டி விரல் உண்டு. எலும்பில்லாத, நகம் மட்டும் இருக்கிற ஆறாவது விரல். பிறந்ததிலிருந்து கேலி கேட்டுக் கேட்டு அதை மறைத்தே பழகியவள். தண்ணீர் மொண்டாலும் துணி பிழிந்தாலும் முந்தானை அந்தக் கையோடு கூடவே போகும்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும். இங்கே வெளிர் மஞ்சளாக ஒரு நீரை ஊற்றியபோது, ரசத்தில் பாலைக் கொட்டிவிட்டார்களோ என்று பயந்தேன். ஒரு வாய் வைத்த பிறகு மூன்று முறை கேட்டு வாங்கினேன். வாய் மட்டும் எந்த நாட்டிலும் சீக்கிரம் குடியேறிவிடுகிறது.

சாப்பிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அலுமாரி மேலே, அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில், வெள்ளை நிறத்தில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சிம் போட்ட இணையப் பெட்டி. அன்ரன் கனடாவிலிருந்து அனுப்பிய டேப்லெட்டில் சிம் போட இடமில்லை. இந்தப் பெட்டியிலிருந்து வருவதை வைத்துத்தான் அது பேசும். அலோசியஸிடம் இருப்பது பொத்தான் போன். "ஸ்மார்ட் போனைக் கடலுக்குக் கொண்டு போனால் உப்புத் திண்டிடும்" என்றார். என் போனில் இந்திய சிம். விமான நிலையத்தில் உள்ளூர் சிம் விற்ற பையனை, "எனக்கு எதுக்கப்பா, நாலு நாள்ல போயிடுவேன்" என்று விரட்டிவிட்டு வந்திருந்தேன். ஆக, நாங்கள் எல்லோரும் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் இருந்தோம்.

"இது எப்ப வாங்குனீங்க?"

"மன்னார் டவுனுக்குக் கிட்ட, பள்ளிமுனையில இருக்கேக்க" என்றாள் பிலோமினா. "இந்தியாவால வந்து முதல் அங்கதானே, கோயில் காணியில ஒரு தகரக் கொட்டில். பேந்து போன மாதம்தான் இஞ்ச வீடு கட்டித் தந்தவை."

"இடம் மாத்தினா இது வேலை செய்யுமா?"

அலோசியஸ் சிரித்தார். "வித்த பொடியன் சொன்னவன், ஐயா இது வீட்டுப் பக்கேஜ், வீட்டில மட்டும்தான் பாவிக்கோணும் எண்டு. நாங்கள் வீட்டுக்குத்தானே கொண்டு வந்திருக்கிறம்? கோழிக்கூட்டைக் கழட்டிக்கொண்டு வந்தனாங்கள். தகரத்தைக் கழட்டிக்கொண்டு வந்தனாங்கள். இதை விட்டிட்டு வருவமே?"

நியாயமாகத்தான் பட்டது. அத்தனை முறை இடம் பெயர்ந்தவர்களுக்கு, எங்கே பாய் விரிக்கிறார்களோ அதுதான் வீடு.

மறுநாள் காலையில் எழுந்தால் வேலியோரம் ஒரே கூட்டம். அந்தச் சந்தில் இருக்கிற பாதிப் பேர் கையில் போனோடு எங்கள் வேலியில் சாய்ந்து நிற்கிறார்கள். ஒருத்தர் கிரிக்கெட் பார்க்கிறார். ஒரு பெண் சவுதியில் இருக்கிற கணவனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள். இரண்டு பேர் சண்டைப் படம் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு என்று கொடுத்த இணைப்பில் ஒரு தெருவே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பிலோமி இது? நாளைக்கு விசாரணையை வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் பந்தி போடுறியே!"

"கிணத்துத் தண்ணி மாதிரித்தானே சிஸ்டர். இறைக்க இறைக்க ஊறும்."

"ஊறாதுடி. இது வாளித் தண்ணி" என்றேன். அவள் நம்பவில்லை. முகாமில் ஒரு குழாயில் நூறு குடும்பம் தண்ணீர் பிடித்துப் பழகியவள். தன் வீட்டுக் குழாயை மூடி வைப்பது அவளுக்குத் தெரியாத வித்தை.

மதியம் நண்டுக் கறி. வாழ்நாளில் அப்படி ஒரு நண்டு சாப்பிட்டதில்லை. ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை. சாயங்காலம் வக்கீல் ஒத்திகைக்கு வந்தார். திரையில் ஒரு தமிழ்ப் பெண், இளவயது, பேச்சில் கண்டிப்பு.

"நாளைக்கு உங்கட இருட்டுற நேரம், இஞ்ச காலமை. அமைதியான அறை வேணும். முகத்தில வெளிச்சம் விழோணும். நர்ஸ் அம்மா அந்த விரல் விசயத்தைச் சொல்லுவா. பேந்து அன்ரனும் அம்மாவும் கையைக் காட்டுவினம். அதிகாரி தன்ர கண்ணால பார்க்க வேணும். படம் எடுத்து அனுப்பினால் ஆரின்ர கையோ எண்டிடுவினம். விளங்குதே?"

விளங்கியது. அன்ரனும் தாயைப் போலவே இடது கையில் ஆறு விரலோடு பிறந்தவன். "எனக்கு வந்தது அவனுக்கு வேண்டாம் சிஸ்டர்" என்று பிலோமினா அழுததால் நான்தான் அந்தக் குட்டி விரலின் அடியில் பட்டு நூலை இறுக்கிக் கட்டினேன். சில நாளில் அது காய்ந்து உதிர்ந்தது. பயறு அளவுக்கு ஒரு மேடு மட்டும் மிச்சம். தாயின் கையில் விரல், மகன் கையில் அதே இடத்தில் அந்த மேடு. எந்த முத்திரையும் அதற்கு ஈடாகாது. ஆனால் காமிராவில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒத்திகை முடியும்போதே வக்கீலின் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. நான் வெளியே போய் வேலியில் நின்ற அத்தனை பேரையும் துரத்தினேன். பொட்டு வைத்த சிஸ்டருக்குக் கோபம் வரும் என்று ஊருக்குத் தெரிந்தது.

விசாரணை நாள் காலையில் பெட்டியில் சிவப்பு விளக்கு.

அலோசியஸ் அணைத்துப் போட்டார். தட்டினார். சிம்மைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டினார். பிலோமினா அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கடைசியில் பொத்தான் போனில் கம்பனிக்கு அடித்தார். முதலில் சிங்களத்தில் ஒரு குரல் நீளமாகப் பேசியது, பிறகு பாட்டு, பிறகு மறுபடி சிங்களம். எங்கள் ஊரிலும் இதே பாட்டுத்தான். நாங்கள் இந்தியில் கேட்டு முடித்துத் தமிழுக்கு வருவோம். ஒரு வழியாக ஒரு பெண் குரல் வந்தது.

"உங்கட இணைப்பு பள்ளிமுனை விலாசத்துக்குப் பதிஞ்சது ஐயா. வேற இடத்தில பாவிச்சால் கொஞ்ச நாளில தன்பாட்டில நிண்டிடும். நாங்கள் கனக்கத் தரம் மெசேஜ் அனுப்பினனாங்கள்."

"எந்த நம்பருக்குப் பிள்ளை?"

"இந்த இணைப்பின்ர நம்பருக்குத்தான்."

"அந்த சிம் பெட்டிக்குள்ள எல்லோ இருக்கு? பெட்டி எப்பிடியம்மா வாசிக்கும்?"

அந்தப் பெண் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். விலாசம் மாற்ற எழுதிக் கொடுத்துச் சில வேலை நாட்கள் காத்திருக்க வேண்டுமாம். ஆனால் பெட்டியைப் பள்ளிமுனைக்கே கொண்டு போனால் தானாக உயிர் வரும். "ஆனா ஐயா, இந்த மாதம் உங்கட பாவிப்பு கடுமையாக் கூடிப்போச்சு. வேகம் குறைச்சுத்தான் வரும். கனபேர் சேர்ந்து பாவிச்சால் படம் நிக்கும்." நான் பிலோமினாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

அவளோ வேறெங்கோ போயிருந்தாள். "செக்கிங் சிஸ்டர்" என்றாள் மெதுவாக. "பெட்டிக்கும் செக்கிங்."

முகாமில் இருந்தவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். திடீரென்று ஒரு நாள் அதிகாரிகள் தலை எண்ண வருவார்கள். எண்ணும்போது அவரவர் அறை வாசலில் அவரவர் நிற்க வேண்டும். வெளியூரில் கொத்து வேலைக்குப் போனவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். ஆள் இல்லாவிட்டால் பதிவு போகும். பதிவு போனால் அரிசியும் போகும். அன்ரன் பிறந்ததே அப்படி ஒரு நாளில்தான். பனிக்குடம் உடைந்து கிடந்தவளை நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறேன், அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எண்ணி முடியட்டும் சிஸ்டர், நான் இஞ்ச இருக்கோணும்" என்று கத்துகிறாள். எண்ணுகிறவர்கள் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. வாசலில் நின்ற அதிகாரியிடம், "இந்த ரூம்ல ஒண்ணு கூட்டிக்கோங்க சார்" என்று நான்தான் சொன்னேன்.

பிலோமினா பெட்டியைத் துவாயில் சுற்றினாள். "வெளிக்கிடுவம்."

பேருந்துக்கு நின்றோம். வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியதும் அலோசியஸ் நிஜாமுக்கு அடித்தார். சிலாவத்துறைக்காரர், இந்தப் பக்கம் வந்து நண்டு ஏற்றிப் போகும் ஓட்டோக்காரர். பின்னிருக்கையில் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். ஐஸ் பெட்டியை அலோசியஸ் மடியில் வைத்துக்கொண்டார், இணையப் பெட்டியைப் பிலோமினா மடியில் வைத்துக்கொண்டாள். நடுவில் நான் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேலை முழுக்க மீன் தண்ணீர்.

வழியில் மாட்டு மந்தை. அது தாண்டியதும் வெட்ட வெளியில் பின் சில்லு காற்றுப் போய்விட்டது. நிஜாம் மாற்றுச் சில்லை எடுத்தார், தூக்குகிற ஜாக்கி மட்டும் இல்லை. "தூக்குங்கோ" என்றார் அலோசியஸ். ஓய்வு பெற்ற செவிலி நான், இலங்கையின் நடுரோட்டில் ஓட்டோவை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மண்ணை அள்ளி வாயில் போட்டது. சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழ ஒரு கை வேண்டும், இரண்டும் ஓட்டோவில் இருந்தன.

மறுபடி கிளம்பியதும் நிஜாம் கேட்டார், "பெட்டியைப் பதிஞ்ச இடத்துக்கே கொண்டு போறீங்களாம்மா?"

"ஆமாப்பா."

"அதுக்காவது ஒரு இடத்தில பதிவு இருக்கு. நாங்க சின்னதில, போர்ல முஸ்லிம் சனத்தை வெளியேத்தினப்ப, ஊரை விட்டு வெளிக்கிட்டுப் புத்தளத்தில வளர்ந்தம். இப்ப திரும்பி வந்தா, புத்தளத்தில கேட்டா நீ மன்னார் ஆள் எண்டுறான். மன்னார்ல கேட்டா நீ புத்தளத்து ஆள் எண்டுறான்." அவர் சிரித்தபடிதான் சொன்னார். வண்டியில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டி மன்னார் நகரத்துக்குள் நுழைந்தால் ஒரே இருட்டு. தீவு முழுக்க மின்சாரம் இல்லை. இணையக் கடை பூட்டிக் கிடந்தது. நிஜாம் தன் ஸ்மார்ட் போனை நீட்டினார். அவர் போட்டிருந்தது மலிவுப் பக்கேஜ். முகநூல் மட்டும் திறக்கும். வக்கீல் அனுப்பிய இணைப்பைத் தட்டினால் வெள்ளைத் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பக்கேஜும் ஒவ்வொரு வேலிக்குள்தான் மேயும் போல.

பள்ளிமுனையில் யாராவது தெரிந்த வீட்டுக்குள் போகலாம் என்றேன். பிலோமினா பிடிவாதமாகத் தலையை ஆட்டினாள். "கொட்டில் இருந்த இடம்தான் சிஸ்டர். பதிஞ்ச இடத்தில இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

"அந்த டவருக்குக் கீழ எங்க இருந்தாலும் போதும்டி!"

"எண்ணுறவன் டவரைப் பாக்கிறேல்ல. வாசலைப் பாப்பான்."

வாதாட நேரமில்லை. கோயில் காணிக்குப் போனோம். அங்கே கொட்டில் இல்லை. வாசலும் இல்லை. காயப் போட்ட வலை, இரண்டு கழுதை, கடல் காற்று. பிலோமினா இருட்டில் காலால் தடவித் தடவிப் போய் ஓரிடத்தில் நின்றாள். "இதில அடுப்பு. இதில அவன் படுக்கிறவன்." அங்கேயே பெட்டியை வைத்தாள்.

நிஜாம் ஓட்டோவை ஒட்டி நிறுத்தினார். அலோசியஸ் பெட்டியின் மின் வயரைப் பல்லால் கடித்து வெட்டினார். படகில் விளக்குக்குப் பேட்டரி பூட்டுகிற கை அது. இருந்தாலும் எது கூட்டல் எது கழித்தல் என்று தடுமாறியபோது நான் டேப்லெட் வெளிச்சத்தை அந்த வயர் மேல் பிடித்தேன். வயரை ஓட்டோ பேட்டரியில் வைத்தார். சிவப்பு விளக்கு. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு மின்னியது, அணைந்தது, பச்சையானது. பிலோமினா சிலுவை போட்டாள். நான் என் பங்குக்கு முருகனைக் கூப்பிட்டேன்.

அமைதியான அறை வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எங்கள் அறைக்குச் சுவரில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பிலோமினாவைக் கண்டதும் ஓடி வந்து, விஷயம் தெரிந்து, காற்றுக்கு மறைவாக ஒரு தார்ப்பாய்ப் படங்கை விரித்துப் பிடித்தார்கள். முகத்தில் வெளிச்சத்துக்கு ஓட்டோவின் முன்விளக்கு. திரை திறந்தது. அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், வக்கீல். ஒரு மூலைச் சதுரத்தில் அன்ரன், டை கட்டி, வெளிறிப் போய்.

"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"பதிஞ்ச இடத்தில" என்றாள் பிலோமினா.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். செக்கிங், பனிக்குடம், ஆறாவது விரல், பட்டு நூல். பாதியிலேயே படம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கியது. அதிகாரியின் மூக்கு ஒரு இடத்தில், வாய் ஒரு இடத்தில். அதிகாரி என்னவோ சொன்னார். மொழிபெயர்ப்பாளரின் குரல் விட்டு விட்டு வந்தது: "கை... தெரியவில்லை... தெளிவாகத் தெரியாவிட்டால்... தொடர முடியாது."

பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு பேய் பிடித்ததுபோல் துடித்தது. அப்போதுதான் அலோசியஸ் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, பாஸ்வேர்ட்!"

கொட்டில் இருந்த காலத்தில் பள்ளிமுனையிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அக்கம்பக்கத்து வீட்டுப் போன்கள் எல்லாம் இந்தப் பெட்டியின் கடவுச்சொல்லை இன்னும் மறக்கவில்லை. மின்சாரம் இல்லாத இருட்டில் அத்தனை பேரும் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், பழைய பெட்டி உயிர் பெற்றதும் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. இருந்த கொஞ்ச நஞ்ச வேகத்தையும் அவை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

அலோசியஸ் ஒரு பக்கமும் நிஜாம் ஒரு பக்கமும் ஓடினார்கள். "இன்ரநெற்றை நிப்பாட்டுங்கோ! போனை நிப்பாட்டுங்கோ! பிலோமினாவின்ர மகன்ர விசாரணை!" கடற்கரை முழுக்க அந்தக் கத்தல் போனது. வேலிகளுக்குள்ளும் மரத்தடியிலும் படகோரமும் நீல நீலமாகத் தெரிந்த திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. படங்கு பிடித்த பெண்களும் ஒரு கையால் இடுப்பிலிருந்த போனை எடுத்து அணைத்தார்கள். எங்கள் ஊரில் இது நடக்குமா என்று யோசித்தேன். ஏன் எதற்கு என்று நாலு கேள்வி கேட்காமல் யாரும் அணைக்க மாட்டோம். இங்கே விசாரணை என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

படம் கூடி வந்தது. அன்ரனின் முகம் முழுதாகத் தெரிந்தது. அவன் இடது கையைத் தூக்கி, விரலை விரித்து, சுண்டு விரலோரத்துப் பயறு மேட்டைக் காமிராவுக்குக் காட்டினான்.

"பிலோமி, கை!" என்றேன்.

அவள் கை முந்தானைக்குள் இருந்தது. சுற்றிலும் பள்ளிமுனைப் பெண்கள். இத்தனை வருடம் மறைத்த கை. ஒரு நொடிதான் தயங்கினாள். பிறகு முந்தானையை உதறிவிட்டு, ஓட்டோ வெளிச்சத்தில், ஆறு விரலையும் விரித்துத் தலைக்கு மேலே உயர்த்தினாள். தலை எண்ணுகிறவனுக்கு 'இருக்கிறேன்' என்று கை தூக்குவார்களே, அப்படி.

திரை உறைந்தது. அன்ரனின் உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில் சிவப்பு. அலோசியஸ் ஓடி வந்து பெட்டியைத் தட்டினார், வயரை அழுத்தினார். அதற்குப் பிறகு அது கண் திறக்கவே இல்லை.

அவர்கள் பார்த்தார்களா, இல்லையா? யாருக்கும் தெரியாது. பிலோமினா கையை இறக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். நான் பிடித்து இறக்கி விட்டேன். ஒரு பெண் பிளேன்டீ கொண்டு வந்து தந்தாள், இனிப்பா கசப்பா என்று தெரியாமல் குடித்தேன். என் வேலையில் எத்தனையோ பிரசவ அறை வாசலில் எத்தனையோ பேர் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பொத்தான் போன் அடித்தபோது அலோசியஸ் அதைக் கீழே போட்டு எடுத்தார். வக்கீலின் குரல், ஸ்பீக்கரில்.

"அம்மா, அதிகாரி பார்த்தவ. ரெண்டு கையையும் தெளிவாப் பார்த்தவ. இப்பவே முடிவு சொல்லிட்டா. அன்ரனை ஏத்துக்கொண்டிட்டினம்."

அலோசியஸ் கத்திய கத்தலில் கழுதைகள் ஓடின. நிஜாம், "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஓட்டோவின் ஹார்னை அழுத்தினார். முகம் தெரியாத பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். அணைந்த திரைகள் மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன.

பிலோமினா மட்டும் போனை வாங்கி முகத்தருகே பிடித்திருந்தாள். "பிள்ளை, இனி அவன் எப்ப இஞ்ச வரலாம்?"

"அம்மா, அவர் இஞ்ச அடைக்கலம் எடுத்தவர். அங்க பயம் எண்டு சொல்லித்தானே எடுத்தவர். திரும்ப அங்க வந்தால், பயமில்லை எண்டு இஞ்ச அதிகாரிமார் தந்ததைத் திருப்பி எடுத்திடுவினம். வரக் கூடாது அம்மா. நீங்கள் ஒருக்கால் இஞ்ச வரப் பாருங்கோ."

"ஓம்" என்றாள் பிலோமினா. போனை அலோசியஸிடம் கொடுத்தாள். மணலில் கிடந்த பெட்டியை எடுத்து மடியில் வைத்து, துவாயால் மண்ணைத் துடைத்தாள்.

"அப்ப அவனையும் அங்க பதிஞ்சிட்டாங்கள், என்ன சிஸ்டர்?" என்றாள். "இனி அவன் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது."

நான் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.